மலையேறி வரும் ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கியவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் ஒரு கராஜில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். ஏப்ரல் சீசன் வந்தால் கொழும்பிலிருந்து தாழ்ந்த, அகன்ற, இரண்டு கதவுக் கார்கள் மேலே ஏறி வரும். அதில் சிலது எங்கள் கராஜ் வாசலில் நிற்கும். நின்ற ஐந்தாவது நிமிடத்தில் பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். முதல் கேள்வி எப்போதும் "என்ன விலை?" கடைசிக் கேள்வி அநேகமாக "இந்த ஆள் எப்படிப்பட்டவரா இருப்பார்?" வருடக்கணக்காக வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எது?

வேகத்துக்காகவும் ஓட்டும் சுகத்துக்காகவும் செய்யப்பட்டு, சாமானியர் எட்ட முடியாத விலையில் விற்கப்படும் கார். போர்ஷே 911, பெராரி, லம்போகினி, அஸ்டன் மார்ட்டின் இந்த வகை. பெரிய ஜீப், ஏழு பேர் ஏறும் சொகுசு வேன் எல்லாம் விலையில் கிட்ட வந்தாலும் இதில் சேராது. ஜீப் வாங்கியவர் "தோட்டத்து ரோட்டுக்கு வேணும்" என்று ஒரு காரணம் சொல்லலாம். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவருக்கு அப்படியொரு காரணமே இல்லை. பிடித்தது, வாங்கினார். இந்தக் காரைப் பார்த்ததும் ஆளைப் பற்றிக் கேட்கத் தோன்றுவது அதனால்தான்.

வாங்குபவர் பணத்திமிர் பிடித்தவர்தானே?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பின்லாந்தில் 1892 கார் சொந்தக்காரர்களிடம் கேட்டு 2020இல் வெளியான ஆய்வில், தன்னலம் மிகுந்த, வாக்குவாதம் பிடித்த, பிறர் மேல் இரக்கம் குறைந்த ஆண்கள் விலை உயர்ந்த ஜெர்மன் கார் வைத்திருக்கும் வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது. இந்தப் பாதியைத்தான் ஊரெல்லாம் பேசுகிறது. அதே ஆய்வின் மற்றப் பாதி: ஒழுங்கும் பொறுப்பும் கடும் உழைப்பும் உள்ளவர்களும், ஆணானாலும் பெண்ணானாலும், அதே கார்களை விரும்பி வாங்குகிறார்கள். தரமான பொருள் வேண்டும், பழுதாகக் கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

என் கராஜ் அனுபவமும் இதுதான். ஒரே மொடல், ஒரே நிறக் கார் இரண்டு வந்திருக்கின்றன. ஒன்றின் சொந்தக்காரர் காரை விட்டு இறங்கவே இல்லை, கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கிப் பேசினார். மற்றவர் என்னோடு சேர்ந்து ஈரத் தரையில் முழங்காலூன்றிக் குனிந்து, அடியில் என்ன உரசியிருக்கிறது என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். அவருடைய வெள்ளைக் காற்சட்டை முழுக்க ஒயில். இரண்டு காரும் வெளியில் ஒன்றுதான். எந்தக் கார் எந்த ஆளுடையது என்று காரைப் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அப்படியானால் நாம் ஏன் காரைப் பார்த்ததும் ஆளை எடைபோடுகிறோம்?

இதற்கு மலையகத்துக்கென்று ஒரு பழைய காரணம் உண்டு. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதிலிருந்து இந்த மலைகளில் ஒரே ஒரு ஆள்தான் வாகனத்தில் போனார்: துரை. முதலில் குதிரை, பிறகு கார். மற்ற எல்லோரும் நடந்தார்கள். துரையின் கார் சத்தம் கேட்டால் ரோட்டு ஓரத்தில் ஒதுங்கி, தலைப்பாகையை எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று என் தாத்தா சொல்வார். கார் என்பது நம் வீடுகளில் வாங்கும் பொருளாக வந்து சேரவில்லை. ஒதுங்கி நிற்க வேண்டிய ஒன்றாக வந்தது.

அந்தக் கண்ணோடுதான் நாம் இன்றைக்கும் பார்க்கிறோம். கொழும்பில் ஒரு சிவப்புக் கார் போனால் "யாரோ பணக்காரன்" என்று விட்டுவிடுவார்கள். இங்கே கொழுந்து நிறுத்துக்கொண்டிருக்கும் இடத்தைத் தாண்டி அது போனால், பார்ப்பவர் மனதில் நூறு வருடம் எழுந்து நிற்கும். வாங்கியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை, அவர் மேல் குற்றமும் இல்லை. ஆனால் கார் என்ன சொல்கிறது என்று கேட்டால் யாருக்குச் சொல்கிறது என்றும் கேட்க வேண்டும். கேட்பவர் மாறினால் சொல்லும் மாறும்.

ஏன் இவ்வளவு விலை? வெளிநாட்டில் பாதிதானாமே?

பாதியை விடவும் குறைவு. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீண்டும் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் நாட்டில் ஏற்கெனவே இருந்த கார்களே கைமாறி, பழையதாக ஆக விலை ஏறிய விசித்திரத்தைக் கண்ணால் பார்த்தோம்.

திறந்தபோது வந்த வரியைப் பாருங்கள். சுங்கத் தீர்வை, அதன் மேல் மேலதிகத் தீர்வை, எஞ்சினின் அளவுக்கு ஏற்ப உற்பத்தி வரி, 18 வீத வற் வரி. இதற்கும் மேல் சொகுசு வரி. பெற்றோல் காரின் இறக்குமதிப் பெறுமதி 50 லட்சம் ரூபாவைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு நூற்றுக்கு நூறு. துறைமுகத்துக்கு 2 கோடி ரூபா பெறுமதியில் வந்து சேரும் காருக்குச் சொகுசு வரி மட்டுமே 1 கோடி 50 லட்சம். மற்ற வரிகள் தனி.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் 911 வைத்திருப்பவர் நல்ல சம்பளம் வாங்கும் டொக்டராக இருக்கலாம். இங்கே அதே காருக்குப் பின்னால் பரம்பரைச் சொத்தோ பெரிய வியாபாரமோ இருக்க வேண்டும். ஒரே காராக இருந்தாலும் அது சொல்லும் செய்தி நாட்டுக்கு நாடு வேறு. வெளிநாட்டு ஆய்வை அப்படியே நம் ரோட்டில் இறக்கினால் அதற்கும் அடி உரசத்தான் செய்யும்.

இந்த ரோட்டில் அதை ஓட்டவே முடியாதே, பிறகு எதற்கு?

மலையில் இதற்குப் படும் பாடு உண்மை. இந்தக் கார்களின் அடிப்பாகம் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தைக்கூட எட்டாது. பங்களாக்களை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள், ஆனால் அங்கே ஏறும் ரோட்டின் குறுக்கே போகும் கான் அப்படியே இருக்கிறது. முன் பம்பர் அதில் இடித்து உடையும். சீசனில் எங்களிடம் வரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை இந்தக் காரணத்துக்காகவே வருகின்றன.

அடுத்தது காற்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1868 மீற்றர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் என்றால் கொடுத்த காசுக்குக் கிடைத்த சக்தியில் ஆறில் ஒரு பங்கைக் கீழேயே விட்டுவிட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். டர்போ எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அது சமாளித்துவிடும்.

வேகமும் அப்படித்தான். சட்டப்படி ஊர்ப் பகுதியில் 50 கிலோமீற்றர், வெளியில் 70, அதிவேகப் பாதையில் 100. மணிக்கு 290 கிலோமீற்றரைத் தாண்டக்கூடிய காருக்கு நாட்டிலேயே 100க்கு மேல் போக ஒரு ரோடு இல்லை. மத்திய அதிவேகப் பாதையில் 2022இல் திறந்த மீரிகம-குருநாகல் பகுதியும் மலைக்கு ஏறவில்லை.

பிறகு எதற்கு? முடக்குக்காக, அதாவது ரோட்டு வளைவுக்காக என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார். அவர் சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். ரம்பொடையிலிருந்து லபுக்கலை வரை ஏறும்போது வரும் வளைவுகளில் 40இல் போனாலே இந்தக் காரின் ஸ்டீயரிங் கையோடு பேசும். ரோட்டில் எங்கே சிறு கல் கிடக்கிறது, எங்கே ஈரம் என்று விரல் நுனிக்குத் தெரியும். பழுது பார்த்து முடித்துச் சோதிக்க நான் ஓட்டியிருக்கிறேன். அந்தச் சுகம் பொய் இல்லை. யாரும் பார்க்காவிட்டாலும் கிடைக்கிற சுகம் அது. கனடாவில் 39 இளைஞர்களை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. போர்ஷேயை ஓட்டியபோது அவர்கள் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன் ஏறியது. ஆட்கள் நிறைந்த நகரத்தில் மட்டுமில்லை, பார்க்க ஆளில்லாத நெடுஞ்சாலையிலும் ஏறியது. ஆக, எல்லாமே ஊருக்குக் காட்டத்தான் என்று சொல்லிவிட முடியாது.

நுவரெலியாவில் ரேஸ் பழக்கம் பழையதுதானே?

ஆம். மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. நேரம் குறித்து, ஒவ்வொரு காராக மேலே ஏற வேண்டும். ரதல்லையிலும் அப்படியொன்று உண்டு. ஓட்டத் தெரிந்தவர் தன் திறமையைக் காட்ட வேண்டிய இடம் அதுதான்: ரோடு மூடியிருக்கும், எதிரே பஸ் வராது. அங்கேயும் எச்சரிக்கை தவறக் கூடாது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மேல் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். ஒழுங்குபடுத்திய இடத்திலேயே இப்படி என்றால், பாடசாலை விடும் நேரத்தில் தலவாக்கலை ரோட்டில் ரேஸ் காட்டுபவரைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்ல மாட்டேன்.

லம்போகினி கம்பனி ட்ரக்டர் செய்தது உண்மையா?

உண்மை. பெருசியோ லம்போகினி முதலில் ட்ரக்டர் செய்து விற்றுத்தான் பணக்காரர் ஆனார், கார் கம்பனியை 1963இல் ஆரம்பித்தார். அஸ்டன் மார்ட்டினை 1947இல் வாங்கிய டேவிட் பிரவுனும் ட்ரக்டர் செய்தவரே. அந்தக் கார்களின் பெயரில் வரும் டீபீ என்ற இரண்டு எழுத்தும் அவருடைய பெயர்தான். போர்ஷே பெயரிலும் ஐம்பதுகளில் ட்ரக்டர் விற்பனையானது. தோட்டத்து ட்ரக்டர் ஓட்டும் அண்ணன்மாருக்கு இதைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் உழைத்து முன்னேறி இப்படி ஒரு கார் வாங்கினால்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். எனக்குத் தெரிந்து ஒருவர் வாங்கினார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர், பதினாறு வயதில் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவர், இப்போது சொந்தமாக மூன்று கடை. இரண்டு சீட் திறந்த கார், பழையதுதான், பழுதில்லாமல் வைத்திருந்தார். தைப்பொங்கலுக்கு ஊருக்குக் கொண்டு வந்தார். லயத்துக்கு ஏறும் ரோட்டில் அது ஏறாது. கீழே கோயிலடியில் நிறுத்திவிட்டு அம்மாவை ஆட்டோவில் இறக்கிக் கூட்டி வந்தார். நானும் அங்கே நின்றேன்.

முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்த முழங்கால். சீட் அவ்வளவு தாழ்வாக இருந்ததால் அந்த அம்மாவால் உள்ளே உட்கார முடியவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, காலிரண்டையும் வெளியே போட்டுக்கொண்டார். டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தார். "எத்தனை பேர் போகலாம் தம்பி?" என்றார். "ரெண்டு பேர்தாம்மா." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப உன் புள்ளைங்க?" என்று கேட்டார்.

சுற்றி நின்றவர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். "நம்ம பையன், துரைமாருக்குக் குறைஞ்சவனா?" என்று சிலர். "காசு வந்ததும் ஆட்டம்" என்று சிலர். கொழும்பிலிருந்து வரும் அந்நியரைப் பற்றி இவ்வளவு கடுமையாக யாரும் பேசுவதில்லை. நம்மில் ஒருவர் என்றால் மட்டும் கணக்குக் கேட்கிறோம். அவரிடம் பிறகு தனியாகக் கேட்டேன், ஏன் வாங்கினீர்கள் என்று. சின்ன வயதில் ரோட்டோரம் ஒதுங்கி நின்றபோது ஒரு திறந்த கார் தன் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போனதாகவும், அன்றிலிருந்து அந்தக் காருக்குள் இருந்து பார்த்தால் இந்த மலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதாகவும் சொன்னார். எப்படி இருந்தது என்றேன். "நல்லா இருக்கு அண்ணே. ஆனா நின்னுக்கிட்டு இருக்கிறவங்கள பாக்க முடியல, அவ்வளவு தாழ்வு" என்றார்.

நாட்கூலி வாங்குகிறவர்கள் நடுவே இப்படி ஒரு காரை ஓட்டுவது சரியா?

2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்கூலி 1350 ரூபா. 1 கோடி ரூபாவை அதனால் வகுத்தால் 7407 நாள் வரும். மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் கிட்டத்தட்ட 25 வருடம், சாப்பிடாமல். இந்தக் கணக்கை என் மகளின் கொப்பியில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் அந்தக் கோபத்தை ஒரு காரின் மேல் இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கூலி குறைவாக இருப்பதற்குக் காரணம் கம்பனியும் சங்கமும் அரசும் உட்காரும் மேசையில் இருக்கிறது, ஒருவருடைய கராஜில் இல்லை. கார் வைத்திருப்பவர் எப்படிச் சம்பாதித்தார், தன்னிடம் வேலை செய்பவர்களுக்கு ஒழுங்காகக் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி. கொடுக்காமல் கார் மாற்றுகிறவர் என்றால் அந்தக் கார் அவரைப் பற்றிச் சொல்வதை நானும் உரக்கவே சொல்வேன்.

மாப்பிள்ளை ஸ்போர்ட்ஸ் காரில் வருகிறார். பெண் கொடுக்கலாமா?

சிரிக்காமல் கேட்டார் ஒரு தகப்பன், அதனால் சிரிக்காமல் சொல்கிறேன். அமெரிக்காவில் 2011இல் வந்த ஓர் ஆய்வில், ஒரே ஆணை ஒரு தடவை போர்ஷே வாங்கியவராகவும் இன்னொரு தடவை சாதாரண ஹொண்டா சிவிக் வாங்கியவராகவும் பெண்களிடம் விவரித்தார்கள். பழகிப் பார்க்கப் போர்ஷேக்காரரைக் கூடுதலாக விரும்பினார்கள். கல்யாணத்துக்கு என்று கேட்டபோது போர்ஷே அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை. நம் பெண்களும் விவரமானவர்கள்தான். மகளிடமே கேளுங்கள். கார் அவருடையதா, லீசிங் எவ்வளவு பாக்கி என்பதை மட்டும் நீங்கள் விசாரியுங்கள்.

லீசிங் எடுத்து வாங்குவது பற்றி?

தொழிலுக்கு வேன் எடுக்க லீசிங் நல்ல வழி, வேன் தன் தவணையைத் தானே உழைக்கும். ஸ்போர்ட்ஸ் கார் ஒரு சதம் உழைக்காது. தவணை தவிர 95 ஒக்டேன் பெற்றோல், விலை கூடிய டயர், காப்புறுதி. மூன்று தவணை தவறிக் காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

பெண் ஒருவர் வைத்திருந்தால் ஏன் "யாருடைய கார்?" என்று கேட்கிறார்கள்?

கேட்கக் கூடாது. எங்கள் கராஜில் ஒருமுறை நானே கேட்டுவிட்டேன், "சேர் வரலையா?" என்று. "என்னுடைய கார்தான், என்னிடமே சொல்லுங்கள்" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

சரி, ஆளை எதை வைத்து அறிவது?

ஓட்டுவதை வைத்து. இரண்டு நிமிடம் போதும். அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ பகுதியில், பாதசாரிகள் கடக்கும் இடத்தில் நின்று பார்த்து 2012இல் எழுதியிருக்கிறார்கள்: காரின் விலை கூடக் கூட, நடப்பவருக்கு வழி விடாத ஓட்டுநர்களும் கூடினார்களாம். இங்கே மஞ்சள் கோடுகூடத் தேவையில்லை. மாலையில் கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக ரோட்டோரம் வருவார்கள். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் கான், ஒதுங்க இடமில்லை. அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கிறாரா, ஹோர்ன் அடித்து ஒதுக்குகிறாரா, தேங்கிய தண்ணீரைச் சுற்றி எடுக்கிறாரா என்று பாருங்கள். மூடுபனியில் லைட்டைத் தாழ்த்துகிறாரா பாருங்கள். ஏற்றத்தில் பாரத்தோடு வரும் லொறிக்கு முன்னுரிமை கொடுக்கிறாரா பாருங்கள். எட்டு லட்சத்து ஆட்டோவுக்கும் எட்டுக் கோடிக் காருக்கும் இந்தப் பரீட்சை ஒன்றுதான்.

நிறுத்தியிருக்கும் காரைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாமா?

சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். போன சீசனில் எங்கள் வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. பாடசாலை விட்டு வந்த ஒரு பையன், ஏழு எட்டு வயது இருக்கும், சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் காரிடம் போனான். கோயிலுக்குள் போவது மாதிரி. பனியில் நனைந்திருந்த கண்ணாடியில் ஒரு கையை விரித்து வைத்து உள்ளே எட்டிப் பார்த்தான். தேநீர் குடித்துக்கொண்டிருந்த சொந்தக்காரர் அதைக் கண்டுவிட்டு எழுந்து போய், மறுபக்கக் கதவைத் திறந்து, தானே குனிந்து சீட்டைப் பின்னால் தள்ளி, "ஏறு தம்பி" என்றார். பையன் ஏறவில்லை. தன் காலைப் பார்த்தான், ஈரமாக இருந்தது. பரவாயில்லை என்று அவர் சொல்லச் சொல்ல அவன் காற்சட்டையில் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.